தண்ணீருக்கு வந்த மஞ்சள்காமாலை

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அது சும்மா வந்த பெயர் அல்ல. அவளுடைய கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்துக்காரர் ஒரே ஓர் எழுத்தைக் கோட்டைவிட்டதில் 'மணமகள்' 'மணமகன்' ஆகி, இரண்டு மாப்பிள்ளைகள் ஒருவரையொருவர் கைப்பிடிப்பதாக வந்துவிட்டது. முந்நூறு பத்திரிகைகளையும் பேனாவால் திருத்திவிட்டுத்தான் கல்யாணப்பெண் சாப்பிட எழுந்தாள்.

வாய்த்த வேலையும் அதற்குத் தோதானதுதான். கல்லீரல் புற்றுநோய் வந்தவர்களின் ரத்தத்தில் இருக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். சுமார் மூவாயிரத்து இருநூறு எழுத்துகள். அந்த வைரஸ் சரியான அவசரக்குடுக்கை. தன்னைத்தானே நகலெடுக்கும்போது அங்கங்கே பிழை விட்டுக்கொண்டே போகும். எந்தப் பிழை புற்றுநோயாளிகளிடம் அடிக்கடி தென்படுகிறது என்று பார்ப்பதுதான் அவள் உத்தியோகம்.

ஒருமுறை காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துவிட்டாள். "இதெல்லாம் எனக்குக் கைவந்த கலை" என்று ஆய்வுக்கூடத் தலைவரான பெரிய டாக்டரே சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு பன்னிரண்டு நோயாளிகளின் மாதிரிகளையும் இயந்திரத்தில் ஏற்றினார். அவள் திரும்பி வந்தபோது மனிதர் தரையில் நிற்கவில்லை.

"பன்னிரண்டு பேருக்கும் ஒரே வைரஸ்மா! ஓர் எழுத்துகூட மாறல! நாளைக்கு நாலு மணிக்கு இயக்குநர் வர்றார். கேக்குக்கும் சொல்லியாச்சு."

"ஓர் எழுத்துகூடவா டாக்டர்?"

"உன் பூதக்கண்ணாடியை இன்னிக்கு உறையில போட்டு வை."

சாயங்காலம் வீட்டில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அறிவியல் வாத்தியாரான கணவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"இங்க பாரேன். 'இதயத்துக்கு நான்கு கால்கள் உண்டு'ன்னு மூணு பேர் எழுதியிருக்கானுங்க."

"மூணு பேருக்குமா தெரியல?"

"ஒருத்தனுக்குத்தான் தெரியல. மத்த ரெண்டு பேரும் அவனைப் பார்த்து எழுதினவனுங்க. தனித்தனியா தப்புப் பண்ணினா தப்பும் தனித்தனியாத்தானே இருக்கும்?"

"என்னங்க, நீங்க புத்திசாலிங்க!" என்று அவள் கத்தினாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் முதல்முறையாகக் கேட்ட வார்த்தை. மனிதர் பேனாவை நழுவவிட்டார்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக ஆய்வுக்கூடத்துக்கு ஓடினாள். பெரிய டாக்டர் பயன்படுத்திய அதே மருந்துக்கலவையை எடுத்து, ரத்தத்துக்குப் பதிலாக வெறும் தண்ணீரைச் சேர்த்து இயந்திரத்தில் வைத்தாள். மத்தியானம் முடிவு வந்தது. நேரே டாக்டர் அறைக்குப் போனாள்.

"டாக்டர், தண்ணிக்கு ஹெபடைடிஸ் பி இருக்கு."

"என்னது?"

"அதே வைரஸ்தான். எழுத்துக்கு எழுத்து அப்படியே. ஒரு நோயாளியோட ரத்தச் சொட்டு கலவை புட்டிக்குள்ள விழுந்திருக்கு. நாம பன்னிரண்டு தடவையும் அந்த ஒருத்தரைத்தான் படிச்சிருக்கோம். கூடவே வெறும் தண்ணியும் ஒரு குழாய்ல வைக்கணுமே, வைக்கலையா?"

பெரிய டாக்டர் புதுச் சட்டையின் காலரைத் தளர்த்தினார். "அவசரத்துல விட்டுட்டேன்" என்றார், ஹோம்வொர்க் செய்யாத பிள்ளை மாதிரி.

நாலு மணிக்கு இயக்குநர் வந்தார். டாக்டர் மென்று விழுங்கி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். இயக்குநர் கேக் வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தார். "தண்ணிக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று அக்கறையோடு விசாரித்துவிட்டு, கேக்கில் பெரிய துண்டாக வெட்டி எடுத்துக்கொண்டார்.

உறைபெட்டியில் மிச்ச ரத்தம் பத்திரமாக இருந்தது. அவள் புதுப் புட்டிகளோடு முதலிலிருந்து தொடங்கினாள். மூன்று வாரம் இடுப்பு ஒடிந்தது. இந்தமுறை பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டு விதமான வைரஸ். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள்ளும் ஏழு பேரிடம் ஒரே இடத்தில் இரண்டு எழுத்துகள் மாறியிருந்தன. இது யாரையும் பார்த்து எழுதினதல்ல. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, ஆளில்லாத அறையில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள்.

இன்னும் நூறு நோயாளிகளைச் சேர்த்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. குழாய்களைத் தொடக் கூடாது என்று டாக்டருக்கு அவள் போட்ட உத்தரவை அவர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். இப்போது லேபிள் ஒட்டுகிறார், கொஞ்சம் கோணலாக. அந்த இரண்டு எழுத்துகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்த அன்று வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். கணவர் எட்டுப் பக்கத்தையும் பொறுமையாகப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "நல்லா இருக்கும்மா. இதுல வைரஸ் போட்டோ எங்க?"