தண்ணீரைத் தேடாத கை

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஜோகூர் பாருவில் பஸ் ஏறினேன். கோத்தா திங்கி இருபத்தாறு மைல். கட்டணம் அரை வெள்ளி, அதாவது அரை மலாயா டாலர். மடியில் மூன்று புட்டி ஒயின். சிங்கப்பூரில் மதுக்கடையில் வேலை பார்க்கும் நண்பர், கோத்தா திங்கிக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத் துரையிடம் சேர்க்கச் சொல்லித் தந்தவை. வழி நெடுக ரப்பர் மரங்கள், வரிசை பிசகாமல், மைல் கணக்கில். பார்த்துக்கொண்டே போனேன்.

கோத்தா திங்கியில் இறங்கி நடந்து, பத்து மணிக்குத் துரையின் பங்களாவை அடைந்தேன். துரை தோட்டம் சுற்றப் போயிருந்தார். சமையற்காரர் வேலு என்னைக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். அவர் முகத்தில் களையே இல்லை.

"புதுத் துரைங்க. ஒத்தையா உக்காந்து சாப்பிடுறாரு, பாதியில எந்திரிச்சுடுறாரு. 'இன்னிக்கும் சோறு மீதியாச்சுன்னா சீனச் சமையக்காரனைக் கூப்பிட்டுருவேன்'னு சொல்லிட்டாரு. நான் திரும்ப வெளிக்காட்டுல புல்லு வெட்டத்தான் போகணும்."

அன்று ஆட்டுக்கறிக் குழம்பு. மிளகும் மிளகாயும் கொதிக்கிற வாசத்திலேயே எனக்குக் கண் கலங்கியது. நான் புதுச்சேரிக்காரன், பிரெஞ்சுக்காரர் மேசைகளைப் பார்த்து வளர்ந்த திமிர் உண்டு. சிவப்புப் புட்டியை எடுத்து நீட்டினேன்.

"ஆட்டுக்கறிக்கு இதுதான் வேலு. கண்ணை மூடிக்கொண்டு வை."

"அலமாக், ஐயையோ! இந்தச் சிவப்புதாங்க என் சோத்துல மண்ணைப் போடுது. அது துவர்ப்பு. நம்ம காரத்து மேல துவர்ப்பு விழுந்தா நாக்கு எரியும்." மஞ்சள் நிறப் புட்டியை எடுத்தார். "இதுதான் இனிப்பு."

"குடித்துப் பார்த்திருக்கிறாயா?"

"முருகனுக்கு நேந்துக்கிட்டேங்க. ஒரு சொட்டு வாயில வச்சதில்ல. பழைய துரையும் ஒத்தையாதான் சாப்பிடுவாரு. பத்து வருஷம் அவர் கையைப் பாத்தேன். சிவப்பு குடிச்சா கை தண்ணிக்குப் போகும். மஞ்சள் குடிச்சா சோத்துக்கு வரும். புளிக்குழம்பு வச்சா புளிப்பு ஒயினுக்குத்தான் திரும்பும்."

நாக்கே படாமல் ஒரு மனிதர் ஒயினைக் கரைத்துக் குடித்திருக்கிறார்!

பன்னிரண்டரைக்குத் துரை மேசைக்கு வந்தார். நீண்ட மேசையில் அவர் ஒருவர்தான். கதவிடுக்கில் வேலுவும் நானும் நின்றோம். மஞ்சள் ஒயினைக் கண்டு துரை முகம் சுளித்தார். குழம்புச் சோறு இரண்டு வாய், முகம் சிவந்தது. ஒயினில் ஒரு மிடறு. கரண்டியைக் கீழே வைத்தார். தண்ணீர்க் கோப்பை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வேலு என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார்.

கரண்டி மறுபடி சோற்றுக்குள் இறங்கியது.

தட்டைக் காலி செய்த பிறகு துரை குரல் கொடுத்தார்: "வேலு! இன்னும் கொஞ்சம் கொண்டா."

குழம்பை வைத்துவிட்டு வந்த வேலு, அடுப்படியில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். "இருந்துக்கச் சொல்லிட்டாருங்க."

புட்டி கொண்டுவந்ததற்காகத் துரை எனக்கும் ஒரு கோப்பை ஒயின் அனுப்பினார். மூன்று மணி பஸ்ஸுக்கு முன் குசினியில் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். காரம் உச்சந்தலையில் ஏறியது. ஒரு மிடறு குடித்தேன். ஊரில் எத்தனையோ விருந்தில் குடித்திருக்கிறேன். என் கை எங்கே போகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

அன்று பார்த்தேன். அது சோற்றில் இருந்தது. எதிரே வேலு தண்ணீர்ச் செம்போடு நின்றார்.

"தண்ணி வேணுங்களா, புதுச்சேரிக்காரரே?"