பொக்லைனில் எலி

இன்று ஹைதராபாத் உப்பலில் ஒரு பொக்லைனுக்கு வயரிங் பார்க்கப் போனேன். சும்மா நின்றால் ஒன்றுமில்லை. பக்கெட் பாறையில் மோதி வண்டி குலுங்கினால் ஃப்யூஸ் போய்விடுகிறது.

ஒவ்வொரு லைனாகக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. கடைசியில் கேபினில் இருந்த குட்டிப் பிள்ளையாரைக் கழற்றினேன்.

அவரை மாட்டிய ஸ்க்ரூ, உள்ளே போகும் ஒயரைக் குத்திக்கொண்டு நின்றது.

ஆபரேட்டர் சேகருக்கு முகம் வெளுத்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த அன்று ஆசையாக மாட்டியது அவர்தான்.

“நக்கோண்ணா, வேணாம், ஓனர்கிட்ட சொல்லாதீங்க. வண்டில கை வெச்சாருன்னுதான் முன்னாடி இருந்தவர நிறுத்துனாரு.”

அந்த நேரம் பார்த்து ஓனர் போன் செய்தார். ஃப்யூஸ் ஏன் போகிறது என்று இந்தியில் கத்தினார்.

“சூஹா, சார்” என்றேன். எலி கடித்துவிட்டது என்று அவரே முடிவு செய்துகொண்டு, எலியை வாய்க்கு வந்தபடி திட்டினார்.

ஒயருக்கு டேப் சுற்றினேன். பிள்ளையாரை இந்த முறை பசை போட்டு ஒட்டிக் கொடுத்தேன். சேகர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிள்ளையார் காலடியில் இருந்த எலியின் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

பழியை வேறு யார் தலையில் போட்டிருக்கலாம், நீங்களே சொல்லுங்கள்.