ஆம்ப்ளிஃபயர் யாருடையதோ அவரே பேஸ்

போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் மணமகனின் சித்தப்பா வாழ்த்திப் பேச மைக்கை வாங்கினார். வாங்கியவர் நேராக ஸ்பீக்கருக்கு எதிரே போய் நின்றார். மைக் கூவியது. ஊளை என்றும் சொல்லலாம், விசில் என்றும் சொல்லலாம். காதுக்குள் கம்பியை விட்டுக் குடைகிற சத்தம். மண்டபமே காதைப் பொத்திக்கொண்டது. நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் முதல் பாட்டு அப்படித்தான் தொடங்கும்.

தொடங்கும் என்றால், நாங்கள் தொடங்கியதில்லை. அதுவாகத் தொடங்கிக்கொள்ளும். கல்யாண மைக் செட்டில் கிடாரைச் சொருகினால் கூவாமல் வேறென்ன செய்யும்? தடுக்க முடியவில்லை, அதனால் முன்னிசை என்று பெயர் வைத்தோம். தடுக்க முடியாததற்கெல்லாம் கலை என்று பெயர் வைக்கிற வயது.

தொண்ணூறுகளின் கடைசி. திருவொற்றியூரில் நான்கு பேர் சேர்ந்து ஒரு ராக் பேண்டு ஆரம்பித்தோம். பேண்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆங்கிலத்தில் மூன்று சொல், அதில் இரண்டு ரத்தம் சம்பந்தப்பட்டவை. எங்களில் ஒருவன்கூட அதுவரை ரத்த தானம் செய்ததில்லை.

கிடார்க்காரன் விம்கோ நகர்ப் பையன். சர்ச்சில் ஸ்தோத்திரப் பாட்டுக்கு வாசித்துப் பழகியவன், ராக்கில் இறங்கியதும் கறுப்பைத் தவிர வேறு நிறம் உடுத்த மறுத்தான். எங்கள் ஊர் மே மாதத்தில் கழுத்து மூடிய கறுப்புச் சட்டை. சாத்தானே வந்திருந்தாலும் பனியனோடுதான் நின்றிருப்பான். நான் பாட்டு எழுதினேன். எழுதியவன் என்பதால் பாடவும் செய்தேன். மற்றவர்கள் யாருக்கும் வார்த்தைகள் மனப்பாடம் ஆகவில்லை.

டிரம்ஸ்காரன் எர்ணாவூர் குடியிருப்பில் இருந்து வருவான். பகலில் வெல்டிங் பட்டறை, முகூர்த்த நாட்களில் கல்யாண ஊர்வல பேண்டு வாத்தியத்தில் சைடு டிரம். எங்களுக்கு டிரம்ஸ் செட் கிடையாது. ஊர்வலத்துப் பெரிய டிரம்மைப் படுக்கவைத்து, உருளாமல் இரண்டு பக்கமும் செங்கல் கொடுத்து, அதை மிதித்து அடிக்கும் பெடலைப் பழைய சைக்கிள் பிரேக்கில் இருந்து அவனே வெல்டிங் வைத்துச் செய்தான். பேண்டில் உருப்படியாகச் செய்யப்பட்ட ஒரே பொருள் அந்தப் பெடல்தான்.

நாலாவது ஆள் மைக் செட் அண்ணன். எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். டோல்கேட் பக்கம் ஒரு கடை, கடைக்குப் பின்னால் ஒரு குடோன். காதுகுத்து, மஞ்சள் நீர், ஆடி மாதக் கூழ், கட்சிக் கூட்டம், சாவு, எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரும் சீரியல் லைட்டும் அவருடையவை. அவருக்கு ராக் பிடிக்குமா என்று நாங்கள் கேட்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் அவருடையது, குடோன் அவருடையது, கரண்டு அவருடையது. ஒருநாள் எங்கிருந்தோ ஒரு பழைய பேஸ் கிடாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இதுல நாலே கம்பிதான கீது நைனா? நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து பேஸ் அவர்தான். உலகத்தின் எத்தனை மகத்தான பேண்டுகள் இப்படி உருவாகினவோ, எழுதிவைக்க அவர்களுக்கும் கூச்சமாக இருந்திருக்கும்.

குடோனுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அவை நகர்ந்தால் தரை அதிரும். அண்ணனின் பேஸைவிட அவை சுருதி சுத்தமாக அதிர்ந்தன என்பதை அவர் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. குடோன் வாசலில் இட்லிக் கடை போட்டிருந்த அக்காவுக்கு மட்டும் அந்தத் தயக்கம் கிடையாது.

"இன்னாபா, உள்ள யாருக்குனா வலிப்பா? இரும்புச் சாவி வோணுமா?"

"அக்கா, இது ராக்கு" என்றான் டிரம்ஸ்காரன்.

"ராக்கோ கீக்கோ, என் சாம்பார் குண்டான் ஆடுதுடா. வாங்குறவன் பாதியிலயே ஓடுறான். அந்தக் கறுப்புச் சட்டயாண்ட சொல்லு, அவன் கத்தும்போது மட்டும் காக்காலாம் வந்து உக்காருது."

கத்தியது கறுப்புச் சட்டை இல்லை, நான். திருத்தவில்லை.

பாட்டுகளைத் தமிழில் எழுதியதில் கிடார்க்காரனுக்கு வருத்தம். "ராக்குன்னா இங்கிலீஷ்டா. தமிழ்ல கத்துனா குழாயடிச் சண்ட மாதிரி இருக்கும்" என்றான். பேசிப் பேசி ஒரு சமரசத்துக்கு வந்தோம்: தமிழை இங்கிலீஷ் போலப் பாடுவது. கொடியில் காயும் வெள்ளைச் சட்டை மீது அனல் மின் நிலையத்துச் சாம்பல் பூப்போல வந்து உட்காருவதைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருந்தேன். நல்ல வரிகள் என்று அன்று நம்பினேன், இன்றும் இரண்டை நம்புகிறேன். ஆனால் பாடும்போது, வாயில் சுடு இட்லியை வைத்துக்கொண்டு விலாசம் கேட்கிறவன் மாதிரி இருந்தது.

இந்தக் கூத்துக்கு நடுவே டிரம்ஸ்காரனுக்கு ஒரு அவசரம் இருந்தது. அவனுடைய அக்கா புருஷன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. மச்சானுக்கும் அங்கேயே வெல்டிங் வேலை பேசி முடித்துவிட்டார். ஏஜென்ட் பாஸ்போர்ட்டைக் கேட்டு ஆள்மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தான். இவன் இன்று நாளை என்று இழுத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் ஒத்திகை முடிந்து ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து என்னிடம் சொன்னான்.

"தெற்கால ஒரு காலேஜ்ல ராக் போட்டி வைக்கிறானுங்கோ இல்ல, கேசட்டு அனுப்பச் சொல்லி? அதுல நம்மள எடுத்தான்னு வையி, நான் பாஸ்போர்ட்ட குடுக்கமாட்டேன் மாமு. வூட்ல இன்னா சண்ட வந்தாலும் வரட்டும். ஒரு தபா மேடை ஏறி அடிக்கணும். கல்யாணத்துல நான் அடிக்கிறேன், ஜனம் மாப்ளயத்தான பாக்குது?"

"எடுக்கலன்னா?"

"வெல்டிங்கு."

சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அவன் போய்விட்டால் எங்களிடம் தாளம் என்று மிச்சமிருப்பது வெளியே நிற்கும் லாரிகள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் டெமோ பதிவு செய்தோம். தகரக் கூரை. சத்தம் போடும் என்று ஃபேனை நிறுத்தியாயிற்று. டிரம்ஸ்காரனின் அடி மற்ற எல்லாவற்றையும் விழுங்கியதால் அவனைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் கேட்டுக்கு வெளியே, இட்லி அக்காவின் நிழலுக்கு அனுப்பினோம். மூன்று பாட்டு. மூன்றாவது பாட்டின் நடுவே மீன்கார அம்மா ஒருவர் 'சங்கரா, வஞ்சிரம்' என்று கூவிக்கொண்டு போகிறார். சுருதி சேர்ந்திருந்தது, விட்டுவிட்டோம்.

பதிந்ததை நான்கு பேரும் வேர்வையில் ஊறிப்போய் உட்கார்ந்து கேட்டோம். கேசட் முடிந்து 'டக்'கென்று நின்றது.

"டேய், இது நாமளாடா?" என்றான் டிரம்ஸ்காரன்.

அந்த ஒரு கணத்தைக் கிண்டல் செய்ய இத்தனை வருடமாக முயல்கிறேன். வரமாட்டேன் என்கிறது.

கேசட்டை அனுப்ப வேண்டும். "ஒரிஜினல எவனாச்சும் குடுப்பானா? காப்பி போட்டுத் தரேன்" என்றார் அண்ணன். நியாயம்தானே. காப்பி போட்டு, பாக்கெட்டில் வைத்து ஒட்டி, அவரே தபாலிலும் சேர்த்தார்.

பிறகு காத்திருந்தோம். டிரம்ஸ்காரன் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்தால் அம்மா எடுத்துக் கொடுத்துவிடுவாள் என்று பெரிய டிரம்முக்குள் ஒளித்துவைத்தான். பெடலை மிதிக்கும்போதெல்லாம் உள்ளே அது தட்டும்.

அண்ணன் கடைக்குப் பக்கத்தில் எஸ்டிடி பூத். அவருக்கு வரும் போன் எல்லாம் அங்கேதான். ஒரு சாயங்காலம் பூத்துக்குள் போனவர் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"நைனா! காலேஜ்ல இருந்து போனு! எட்த்துட்டான்!"

கிடார்க்காரன் முழங்காலில் விழுந்து சிலுவை போட்டான். டிரம்ஸ்காரன் என்னைத் தூக்கிச் சுற்றினான். "ஏஜென்ட்டுக்கு இப்பவே போன் போடுறேன் மாமு, வேற ஆள பாத்துக்கோன்னு." இட்லி அக்காகூட, எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

"ரெண்டு நாளைக்கு புக்கிங். மேடைக்கு மானிட்டர் ஸ்பீக்கரு நாலு கேட்டான், ஜெனரேட்டரும் நம்மளே" என்றார் அண்ணன்.

என் கால் தரைக்கு வந்தது. கிடார்க்காரன் முழங்காலில் இருந்தபடியே கேட்டான்: "அண்ணா, யார எடுத்தான்?"

"நம்ம செட்டத்தான்."

காப்பி கேசட் இன்னொன்று கடையில் இருந்தது. போட்டுப் பார்த்தோம். முதல் பாட்டான சாம்பல் பாட்டின் கடைசி வரி அடங்கியதும், எக்கோ வைத்த அண்ணனின் குரல்: "இந்த இனிய நிகழ்ச்சிக்கு ஒலியும் ஒளியும் சிறப்புற அமைத்து வழங்குவோர்... ழங்குவோர்... குவோர்..." கடைப் பெயர், விலாசம், எஸ்டிடி பூத் நம்பர். "சுப காரியமோ துக்க காரியமோ, அணுகவும்... கவும்..." ஒவ்வொரு பாட்டுக்குப் பிறகும் இதே. மாரியம்மன் பாட்டோ, தலைவர் பேச்சோ, அவர் கடையில் இருந்து வெளியே போகும் எந்தக் கேசட்டிலும் அந்த அறிவிப்பு இருக்கும். ஊருக்கே தெரியும். எங்கள் தண்ணீரில் உப்பு இருப்பது எங்களுக்குத் தெரிவதுபோல, தெரிந்தே மறந்திருந்தோம்.

"எவனாவது டெமோல விளம்பரம் போடுவானா?" என்று கிடார்க்காரன் கத்தினான். அவன் கத்தி அன்றுதான் கேட்டேன். என்னைவிட நன்றாகவே இருந்தது.

அண்ணனுக்கு உண்மையாகவே புரியவில்லை. "போடாம குடுத்தா, யாரு செட்டுன்னு எப்டி தெரியும் நைனா?"

போனோம். பேண்டாக அல்ல, மைக் செட் ஆட்களாக. டெம்போவில் ஸ்பீக்கர் பெட்டிகள் மேல் உட்கார்ந்து, அடையாறைத் தாண்டி, மரங்கள் வெயிலை வடிகட்டி அனுப்புகிற ஒரு கல்லூரிக்குள். அரைக்கால் சட்டை போட்ட ஒரு மாணவன்தான் பொறுப்பாளன். மரியாதையான பிள்ளை, வாய்க்கு வாய் அண்ணா போட்டான்.

"உங்க கேசட் கேட்டோம்ணா. பாட்டு கொஞ்சம்... எத்னிக்கா இருந்துச்சு. ராக்கா எங்களுக்குத் தோணல. ஆனா அந்த அனௌன்ஸ்மென்ட் சவுண்டு சூப்பர். அவ்ளோ தெளிவா இருந்துச்சு, அதான் கூப்ட்டோம்."

மேடையில் வாடகைக்கு எடுத்த அசல் டிரம்ஸ் செட் ஒன்று மின்னிக்கொண்டு நின்றது. மைக் அளவு பார்க்க யாராவது அடித்துக் காட்ட வேண்டும். அண்ணன் மிக்சரில் இருந்தபடி டிரம்ஸ்காரனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். ஒவ்வொன்றாகத் தட்டினான். பிறகு, யாரும் கேட்காமலே, எங்கள் சாம்பல் பாட்டை ஆரம்பித்தான். கிடார்க்காரன் யாருடையதோ ஒரு கிடாரை எடுத்துக்கொண்டான். என் கையில் ஏற்கெனவே மைக் இருந்தது. காலி நாற்காலிகளும், செடிக்குத் தண்ணீர் விடுகிறவர் ஒருவரும், அவருடைய ஹோஸ் குழாயைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு நாயும் கேட்க, இரண்டு சரணம் வாசித்தோம். இட்லி இல்லாத வாயால் பாடினேன். அண்ணன் டிரம்ஸ் சத்தத்தை ஏற்றினார், இன்னும் ஏற்றினார். கட்டிடங்கள் அதைத் திருப்பிச் சொல்லின.

"அண்ணா, செக் போதும்ணா" என்று பொறுப்பாளன் கையை ஆட்டினான். "பேண்ட்ஸ்லாம் வந்துட்டாங்க."

வந்தார்கள். காரில் வந்தார்கள், கிடாரை டிரைவர் தூக்கி வந்தார். இரண்டு நாளும் அவர்கள் பட்ட வேதனையைப் பாடினார்கள். எந்தத் தெருவில் பட்டார்கள் என்றுதான் கடைசிவரை தெரியவில்லை. நாங்கள் ஒயர் பிடித்தோம். மைக் ஒருமுறைகூடக் கூவவில்லை. அண்ணன் தொழிலில் சுத்தம்.

திரும்பும்போது டெம்போவில் கிடார்க்காரன் மெல்ல ஆரம்பித்தான். "எப்படியோ மேடை ஏறிட்டோம்ல?"

"ஏறுனது செட்டு" என்றான் டிரம்ஸ்காரன். "நம்ம அத்த தூக்கினு போனோம்."

முன் சீட்டில் இருந்து அண்ணன் திரும்பிப் பார்த்தார். "நான் வோணா அந்தப் புள்ளயாண்ட பேசிப் பாக்கவா? அடுத்த வருசத்துக்கு..."

"விடுண்ணா" என்றான் டிரம்ஸ்காரன்.

மறுநாள் அவன் பெரிய டிரம்மின் தோலை ஒரு பக்கம் அவிழ்த்துப் பாஸ்போர்ட்டை எடுத்தான். தோலைத் திரும்ப ஒழுங்காக இழுத்துக் கட்டிவிட்டுத்தான் போனான்.

சில வாரம் கழித்து, ஏஜென்ட்டின் வேன் ஒரு காலையில் எர்ணாவூர் மெயின் ரோட்டில் வந்து நின்றது. உள்ளே அவன் வயதில் ஐந்தாறு பேர், மடியில் பை, முகத்தில் தேங்காய் எண்ணெய். கிடார்க்காரன் வரவில்லை, கோபமா அழுகையா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அண்ணனுக்கு ஒரு கிரகப்பிரவேசம். டிரம்ஸ்காரனின் அம்மா நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டே இருந்தார், அது வெளியே வந்துகொண்டே இருந்தது.

"அங்கயும் பேண்டு இருக்கும்டா" என்றேன்.

"கப்பல் பூரா தகரந்தான மாமு. தட்டிகினே இருப்பேன், எவன் கேக்கப்போறான்?"

டிரைவர் ஹாரன் அடித்தார். அவன் ஏறி, ஜன்னல் கண்ணாடியைப் பாதி தள்ளி, தலையை வெளியே நீட்டினான்.

"இன்னா, மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற? நீ எழுதிகினே இரு மாமு, நிறுத்தாத. பாட மட்டும் பாடாத, இன்னா?"