ஈசான மூலையில் உப்பும் கரியும்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலர் அச்சுக்குப் போகும் முன்பே சொந்தத்தில் சிலர் போன் செய்து, "பழசக் கிளறாத மக்கா, நல்லது மட்டும் எழுது" என்றார்கள். நல்லதை மட்டும்தான் எழுதுகிறேன். அது யாருக்காவது கசந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அம்மா பிறந்தது பனவடலிசத்திரத்தில், மானாவாரிக் கரிசலையும் ஒரு கிணற்றையும் நம்பிய குடும்பத்தில். கூடப் பிறந்தவர் ஒரே அண்ணன். அவர்தான் எங்கள் மாமா. கிணற்று மோட்டாரை மூன்று பேஸில் ஒன்று போன கரண்டிலேயே ஓட்டி, தாத்தா உள்ளிருக்கும் காயில் சுருளைக் கருக்கிவிட்டாராம். அது ஏன் கருகியது என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் சேர்ந்ததாக அம்மா சொல்வார்கள். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குக் கரண்டு வேலை?" என்ற கேள்வி அன்றைக்குத் தொடங்கி கடைசிவரை ஓயவில்லை. அம்மா பாட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

கல்யாணமாகி சங்கரன்கோவிலுக்கு வந்தார்கள். அப்பா, திருவேங்கடம் ஊருக்குப் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அம்மா சில வருடம் மில்லில் மோட்டார் பராமரிப்பு பார்த்துவிட்டு, லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக விசைத்தறிக் கொட்டகைகளுக்கு வயரிங் எடுத்துச் செய்தார்கள். ஷாக் அடித்தால் விரல்கள் தானாக இறுகிப் பற்றிக்கொள்ளும் என்பதால், எந்த மோட்டாரையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார்கள். எங்கள் வீட்டு மிக்சிக்கும் அதே மரியாதைதான்.

தறிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வோல்டேஜ் இறங்கினால் ஸ்டார்ட்டர் விட்டுவிடும், தறி நின்றுபோகும், கூலி குறையும். அதனால் கழிவு நூலை முறுக்கி, ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனை அமுக்கியபடியே இறுக்கிக் கட்டிவிடுவார்கள். கரண்டு போய்த் திரும்பி வந்ததும் தறி தானாக ஓடத் தொடங்கும். அந்த நேரம் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருப்பவரின் கை எங்கே இருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. அம்மா கொட்டகைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அந்தக் கட்டுகளைக் கத்தரிப்பார்கள். தறிக்காரப் பெண்கள் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்கள். அம்மா அதோடு விடமாட்டார்கள். முதலாளியிடம் போய், "கடைசித் தறி வரைக்கும் கரண்டு முழுசாப் போய்ச் சேரணும், கேபிளத் தடிமனாப் போடுங்க. அப்பதான் அவங்க நூலத் தொடமாட்டாங்க" என்று சண்டை பிடிப்பார்கள். திட்டிய பெண்கள்தான் பிறகு அம்மாவுக்கு டீ வாங்கி வைத்தவர்கள்.

இனி, எழுதக்கூடாது என்று நீங்கள் சொன்னதற்கு வருகிறேன். மாமா ஊருக்கு வெளியே புதிதாக விசைத்தறிக் கொட்டகை கட்டினார். வயரிங் முழுவதும் அம்மா பொறுப்பு. ஒவ்வொரு தறி மோட்டாருக்கும் தனி ஸ்டார்ட்டர், மோட்டாரின் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியருக்குத் திருகி வைத்த, அதற்கு மேல் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் ஓவர்லோடு ரிலே, மோட்டாரின் இரும்புக் கூட்டிலிருந்து மண்ணுக்கு இரண்டு எர்த் கம்பி. அந்தக் கம்பிகள் இறங்குவதற்குக் கொட்டகையின் மூலையில் குழிகள் வெட்டி, உப்பும் கரியும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினார்கள். கரிசல் மண் கோடையில் பிளந்து கிடக்கும், ஈரம் நிற்காது. குழியில் உப்பும் கரியும் இருந்தால்தான் கசிகிற கரண்டு மண்ணுக்குள் போகும். எல்லாம் சரியென்று அம்மா கையெழுத்துப் போட்டு, இணைப்பும் வந்துவிட்டது.

திறப்பு விழாவுக்கு இந்த மலரை வாங்கியிருக்கும் அத்தனை பேரும் வந்திருந்தீர்கள். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, அம்மா வழக்கம்போல ஒரு சுற்றுப் பார்த்துவரப் போனார்கள். குழிகள் இருந்த இடத்தில் புது மண் அடித்து, மேலே துளசி நட்டிருந்தது. எர்த் கம்பிகளைச் சுவரோரமாக வெட்டிவிட்டிருந்தார்கள்.

"அண்ணே, குழி எங்க?"

"ஈசான மூலைட்டி அது! அங்கன உப்பையும் கரியையும் புதைச்சு வச்சிருக்க. வாஸ்து பாக்க வந்தவரு தலையில அடிச்சுக்கிட்டாரு. செய்வினைக்குத்தான் இப்படிப் புதைப்பாங்களாம். அதான் அள்ளி எறிஞ்சுட்டேன். நல்ல நேரம் போவுது, நீ மெயினப் போடு."

"போடமாட்டேன். கசியற கரண்டு போறதுக்கு வழியில்லண்ணே. தறியில நிக்கிறவ கால் வழியாத்தான் போவும்."

"ஒண்ணும் ஆவாது. ஊர்ல எத்தன கொட்டகையில குழி இருக்குன்னு போய்ப் பாரு."

அம்மா போர்டைத் திறந்து, பீஸ் கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி மடியில் கட்டிக்கொண்டார்கள். நல்ல நேரம் முடியும் வரை போர்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்திலிருந்து, "கூடப் பொறந்தவளே செய்வினை வச்சுட்டா" என்று ஒரு குரல் கேட்டது. அது யார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் ஒரு மலர் போகிறது.

அங்கிருந்து அம்மா நேராக மின் அலுவலகத்துக்குப் போனார்கள். "நான் கையெழுத்துப் போட்டது குழி இருந்த கொட்டகைக்கு. இப்ப அங்க குழி இல்ல" என்றார்கள். அதிகாரி வந்து பார்த்து, குழியைத் திரும்பப் போடாமல் தறி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். மாமா வேறு ஆளை வைத்து, வேறு மூலையில் குழி போட்டார். அதோடு, "எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி கெடையாது" என்றும் சொல்லிவிட்டார். என் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் வரவில்லை. அம்மா அன்று சமையலறையில் நின்று அழுததை நான் பார்த்தேன். ஆனாலும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவேண்டியது ஒன்றுமில்லை.

அந்தக் கொட்டகையில் இன்றுவரை ஒரு அசம்பாவிதமும் இல்லை. அதைச் சொல்லித்தான் அம்மாவைக் குறை சொல்கிறீர்கள். "ஒண்ணும் நடக்கல, இதுக்குப் போய் அண்ணன் உறவ முறிச்சுக்கிட்டாளே" என்கிறீர்கள். ஒன்றும் நடக்காமல் இருப்பதற்குத்தான் அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பிடிவாதக்காரி என்கிறீர்கள். ஆமாம், பிடிவாதக்காரிதான். எனக்கு அதில் பெருமைதான்.

பிறகு சிறுநீரகக் கோளாறு வந்து அம்மா மிகவும் மெலிந்துபோனார்கள். திருநெல்வேலியில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தும், ஒரே பிளக்கில் மூன்று வயரைச் செருகிய பக்கத்துக் கட்டில்காரரைத் திட்டினார்கள். எங்களோடு பேசிக்கொண்டிருந்த ஒரு காலையில் அமைதியாகப் போய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் மாறி மாறிக் கூட இருந்த அப்பாவின் பஸ் டிப்போ நண்பர்களுக்கும், தெருவில் பந்தல் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்த பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது.

அன்று நீர்மாலைத் தண்ணீர் எடுத்துவந்து அம்மாவைக் குளிப்பாட்டியாயிற்று. பிறந்த வீட்டுக் கோடிச் சேலை மட்டும் வரவில்லை. அண்ணன் கொண்டுவரும் சேலையைப் போர்த்தாமல் தூக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. மாமா தெருமுனை வரை வந்து நின்றுவிட்டார். கடையில் ஒரு சேலை வாங்கி அவர் பேரில் போர்த்திவிடலாம் என்று பெரியவர்கள் பேசினார்கள். அந்த நேரம் மாமாவின் கொட்டகைப் பெண்கள் தறியை நிறுத்திவிட்டு மொத்தமாக வந்தார்கள். முன்னால் வந்த பேச்சியம்மாள் அக்காவின் கையில், அங்கே நெய்த சேலை ஒன்று இருந்தது.

"மத்த கொட்டகையில தறியத் தொட்டாலே சுள்ளுங்கும். எங்க கொட்டகையில நாங்க வெறுங்காலோட நிக்கோம். இதப் போர்த்துதோம் தாயி, வேண்டாம்னு சொல்லிராத" என்றார் அக்கா என்னைப் பார்த்து.

"இது எந்த ஊர் முறை? கோடி பொறந்த வீட்டுலருந்து வரணும்" என்று ஒரு பெரியவர் குறுக்கே கையை நீட்டினார்.

நான் அந்தக் கையை விலக்கினேன். "கோடி வந்தாச்சு. வழி விடுங்க" என்றேன். அந்தச் சேலையோடுதான் அம்மா போனார்கள்.