தள்ளத் தள்ள முதலில் வந்த பாட்டு

சலூன்காரருக்குக் கத்தி பிடித்த கை நடுங்கியதே இல்லை. கம்ப்யூட்டரைத் தொட்டால் மட்டும் உதறும். அதனால் கடைக்குப் பாட்டு ஏற்றும் வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். பழைய போனில் கிடந்ததை எல்லாம் கம்ப்யூட்டரில் அள்ளிப் போட்டுவிட்டு, "இனிமே நீங்க மண்டையை உடைச்சுக்க வேண்டாம்ப்பா. குறைவா கேட்ட பாட்டை அதுவே முதல்ல வச்சிரும்" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டாள்.

அங்கேதான் வந்தது வினை. மறுநாள் கடை திறந்ததும் முதலில் கேட்டது அவருடைய அண்ணன் குரல். என்றைக்கோ மகளின் பிறந்தநாளில் வீட்டில் பாடியதை யாரோ போனில் பிடித்திருக்கிறார்கள். சலூன்காரர் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. அடுத்த பாட்டுக்குத் தள்ளினார். மறுநாளும் அதே குரல், அதற்கு மறுநாளும் அதேதான்.

அந்த அண்ணனும் அவரும் இதே கடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவர்கள். ஒருநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது, இவர் முடி வெட்டிக்கொண்டிருந்த ஆளைக் காட்டி, "டேய், அவருக்கு இடது கிருதா இறங்கியிருக்கு பாரு" என்று அண்ணன் சொல்லிவிட்டார். உண்மையிலேயே இறங்கித்தான் இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை! வார்த்தை தடித்து, "உன் கடையை நீயே கட்டிக்கிட்டு அழு" என்று கிளம்பிய அண்ணன், இரண்டு தெரு தள்ளி வேறொரு சலூனில் சேர்ந்தார். மூன்று வருடமாகப் பேச்சில்லை. எதிரே வந்தால் ஆளுக்கொரு ஓரம். வீம்புக்கு இரண்டு பேரிடமும் குறைச்சலே கிடையாது.

மகளிடம் புலம்பினார்.

"பாதியில தள்ளிவிட்டா, கேட்டதா கணக்குல சேராதுப்பா. அதான் மறுபடி மறுபடி வருது. ஒரு தடவை முழுசா ஓடவிடுங்க, தானா கீழே போயிடும்."

"அதை யாரு உக்காந்து முழுசா கேக்கிறது?"

"அப்ப அழிச்சிடட்டுமா?"

"வேண்டாம். கிடந்துட்டுப் போகட்டும்" என்றார்.

ஒருநாள் கடை திறப்பதற்கு முன்பே கணக்கு வாத்தியார் ஷேவிங்குக்கு வந்து நின்றார். அவசரமாம். கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு வந்து நுரை தடவினார் சலூன்காரர். அது ஆடி அசைந்து பாட்டைத் தொடங்கும்போது கத்தி வாத்தியார் கழுத்தில் இருந்தது. கத்தி கழுத்தில் இருந்தால் இடி விழுந்தாலும் அவர் பாதியில் விட்டு நகரமாட்டார். அண்ணன் பாடிக்கொண்டே போனார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல குரல்தான்.

பாட்டு முடிந்தது. பதிவு முடியவில்லை. கைதட்டல், குழந்தைகளின் கூச்சல், அதற்கு மேலே ஒரு கத்தல்: "அண்ணே! இன்னொரு தடவை அண்ணே! எனக்காகப் பாடுண்ணே!"

அது சலூன்காரரின் சொந்தக் குரல். இப்படிக் கத்தியது அவருக்கு மறந்தே போயிருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னாச்சு? வெட்டிடுச்சா?" என்று பதறினார் வாத்தியார்.

"இல்ல சார். ஒரு நிமிஷம் பொறுத்துக்குங்க."

பாதி முகம் நுரையோடு அவரை உட்காரவைத்துவிட்டு வாசலுக்கு வந்து அண்ணனுக்குப் போன் போட்டார்.

"என்னடா?" என்றது அந்தப் பக்கம்.

"அண்ணே, தப்பு என்மேலதான்ணே."

அண்ணன் சொன்னார்: "ஒரு ஆள் உக்காந்திருக்காரு. முடிச்சுட்டு ஓடி வரேன். நீ எங்கேயும் போயிடாதே."