ஆடிக்கு முன் காய்ச்சிய பால்

திருச்சிக்குப் பக்கத்தில் புதிதாக வந்த பெரிய அரசாங்கத் தொழிற்சாலையில் என் கணவருக்கு வேலை கிடைத்தபோது முசிறியில் எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது. வேலை கிடைத்தால் வீடும் வேண்டுமே என்ற யோசனை மட்டும் ஒருத்தருக்கும் வரவில்லை. முசிறியில் நாங்கள் குடியிருந்தது தனி வீடு. பின்னால் கிணறும் நாலைந்து வாழையும் உண்டு. அந்த வாடகைக்குத் திருச்சியில் மாடிப்படிக்குக் கீழே பாய் விரிக்கக்கூட இடம் கிடைக்காது என்பது தேட ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது.

அறுபதுகளின் நடுவில் திருச்சியில் வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் திடீரென்று யோகம் அடித்திருந்தது. எந்த ஊரிலிருந்தெல்லாமோ வேலைக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வீட்டைக் காட்டுவதற்கு முன்பே, "எங்க வேலை?" என்று கேட்பார்கள். என் கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார். அதுவரை ஒன்றாக இருந்த வாடகை அந்த நிமிஷமே வேறொன்றாகிவிடும். வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டீர்களா என்று நான் வழியெல்லாம் சண்டை போட்டேன். அடுத்த வீட்டில் பள்ளிக்கூட வாத்தியார் என்று சொல்லிப் பார்த்தார். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எந்த ஸ்கூல், என்ன பாடம் என்று அவர் விசாரிக்க விசாரிக்க இவருக்கு வியர்த்துக் கொட்டியது. குடிக்கக் கொடுத்த மோரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தோம்.

புத்தூரில் ஆஸ்பத்திரிகளுக்கு வைத்தியம் பார்க்க வந்த குடும்பங்கள் கேட்ட வாடகையைக் கொடுத்துவிடுவதால் எங்களை ஒருவரும் சீந்தவில்லை. உறையூரில் ஒரு வீடு கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது, ஆனால் தண்ணீருக்கு இரண்டு தெரு நடக்க வேண்டும். இப்படியே ஆனி மாதம் கரைந்துகொண்டிருந்தது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் குடி போகமாட்டார்கள், குடி வைக்கவும் மாட்டார்கள். ஆவணி வரைக்கும் காத்திருக்க வேண்டும். என் கணவருக்கோ ஆடியிலிருந்து ராத்திரி ஷிப்ட். அந்த நேரத்துக்கு முசிறிக்குப் பஸ் கிடையாது. போக வர அலைந்தே ஆள் பாதியாகியிருந்தார். நின்றபடியே தூங்கும் அளவுக்கு வந்துவிட்டார்.

அப்போதுதான் தரகர் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு காட்டினார். அம்மா மண்டபம் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்து. முன்பக்கம் வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். பின்பக்கம் ஒரு அறை, ஒரு கூடம், சமையலறை. எங்களுக்கு. கிணற்றில் தண்ணீர் கையெட்டும் தூரத்தில் கிடந்தது. வாடகையைச் சொன்னதும் எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. அந்த ஊரில் அந்த வாடகைக்கு வீடு என்றால் ஒன்று கூரை ஒழுக வேண்டும், இல்லை பேய் இருக்க வேண்டும்.

வீட்டுக்கார அம்மா ஒளிக்காமல் சொன்னார். பின்பக்கம் ஒரு கணவனும் மனைவியும் ஏற்கெனவே குடியிருந்தார்கள். புருஷனுக்கு உடம்பு சரியில்லை. புத்தூரில் பார்த்த டாக்டர்கள் இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். வீட்டுக்கார அம்மாவுடைய பயம் இதுதான். சில நட்சத்திரங்களில் ஒரு உயிர் போனால் அந்த வீட்டை மாதக்கணக்கில் பூட்டி வைக்க வேண்டும், அதற்குப் பெயர் அடைப்பு.

"அடைப்பு நட்சத்திரத்துல ஏதாவது ஆயிட்டா ஆறு மாசம் பூட்டி வைக்கணும்மா. எனக்கு இந்த வாடகையிலதான் அடுப்பு எரியுது" என்றார். "வாடகை கொறைச்சலா இருந்தாலும் பரவாயில்ல. நல்லா இருக்கிற சின்னஞ்சிறுசுங்க வந்தாப் போதும். அவங்க ஊருக்குப் போயிடறாங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள நீங்க வந்து பாலைக் காய்ச்சிடுங்க."

நல்ல நாளில் பால் காய்ச்சிவிட்டால் வீடு நம்முடையது. சாமான்களைப் பிறகு ஆடியில்கூடக் கொண்டு வரலாம், குற்றமில்லை. அந்தக் கணக்கு எங்களுக்கு வெல்லமாக இனித்தது. அவர்கள் ஊருக்குப் போகிறார்கள் என்று அந்த அம்மா சொன்னதையும் அப்படியே விழுங்கிக்கொண்டேன். எந்த ஊர், அங்கே யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆனியின் கடைசி நல்ல நாளில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினோம். சாமி படம், விளக்கு, மஞ்சள், உப்பு, பருப்பு, புதுப் பாத்திரம், பால் எல்லாம் என் மடியில். ஸ்டவ் என் கணவர் கையில். மண்ணெண்ணெயோடு ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டதால் முசிறியிலேயே அதைக் கொட்டிக் கவிழ்த்திருந்தோம். இறங்கினதும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தோம். விடியற்காலையில் எந்தக் கடைக்காரர் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? நல்ல நேரம் முடியப் போகிறது, காலி ஸ்டவ்வை வைத்துக்கொண்டு இருவரும் விழித்தோம்.

குடியிருந்த பெண் சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள், தலை வாரக்கூட நேரமில்லாத முகம். எங்கள் ஸ்டவ்வைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். தன் ஸ்டவ்விலிருந்த கஞ்சிப் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். திரியைத் தட்டிச் சரிசெய்து அவளே பற்றவைத்து, கிழக்கைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். "வைங்க, நேரமாயிடப் போவுது" என்றாள். தன்னை வெளியே அனுப்பப் போகிற பாலுக்குத் தானே தீ மூட்டிக் கொடுத்தாள்.

பால் சூடாகும்வரை பேசாமல் நிற்க முடியவில்லை. ஊருக்கு என்றைக்குக் கிளம்புகிறீர்கள் என்று கேட்டுவைத்தேன்.

"ஊர்ல யாரு இருக்கா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "வீட்டுக்கார அம்மா அப்படிச் சொன்னாங்களா? பாவம், அவங்களும் என்ன செய்வாங்க."

அப்போது பால் விளிம்புக்கு வரவில்லை. பாத்திரத்தை நான் இறக்கியிருக்கலாம். ஆவணியில் வந்து காய்ச்சிக்கொள்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முசிறி பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குகிற என் கணவரை நினைத்தேன், அந்த வாடகையை நினைத்தேன், பாலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. "பொங்கிச்சா?"

"பொங்கிடுச்சுங்க" என்று அவளே பதில் சொன்னாள்.

காய்ச்சிய பாலை வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், அதுதான் வழக்கம். சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் உள்ளறையில் இருந்தவருக்கும் கொண்டுபோனேன். எலும்பும் தோலுமாகச் சுவரோடு சாய்ந்திருந்தார். அவள் தலையைத் தாங்கிப் பிடிக்க, இரண்டு மடக்குக் குடித்தார். "நல்லா இருங்க" என்றார். திட்டியிருந்தால் இத்தனை வருஷத்தில் எப்போதோ மறந்திருப்பேன்.

ஆனி முடிவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். நாங்கள் வந்தோம். என் கணவர் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து பகலில் அதே உள்ளறையில் கிடந்து தூங்கினார். பத்து நாளில் முகம் தெளிந்துவிட்டது. அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும், சந்தோஷமாக இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருக்கும். எனக்கு ஒரு யோசனை மட்டும் ஓயாமல் ஓடியது. ஆடியில் யாரும் வீடு தரமாட்டார்கள் என்று பயந்துதானே ஓடி வந்து பால் காய்ச்சினோம்? எங்களுக்கு வந்த அதே ஆடி அவர்களுக்கும் வரும் என்பது அந்த வீட்டில் பால் குடித்த யாருக்கும் தெரியாதா என்ன?

பதினெட்டாம் பெருக்கு அன்று அம்மா மண்டபத்துப் படித்துறையில் அவளைப் பார்த்தேன். அப்படியே திரும்பிவிடத்தான் நினைத்தேன். அதற்குள் அவள் பார்த்துவிட்டு, சிரித்தபடி வந்தாள். கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு மரக்கடைக்காரர் கொட்டகையில் ஒரு ஓரம் கொடுத்திருக்கிறாராம். தட்டி கட்டி மறைத்திருக்கிறாளாம். காற்றுதான் தாங்கவில்லை என்றாள். ஆடியில் யார் வீடு கொடுப்பார்கள் என்றும் சொன்னாள், என்னைக் குத்த வேண்டும் என்பதற்காக அல்ல, நானும் ஒத்துக்கொள்வேன் என்ற மாதிரி.

அன்றைக்குப் பெண்கள் ஒருவருக்கொருவர் மஞ்சள் கயிறு கட்டிவிடுவார்கள். தன் கயிற்றை என்னிடம் நீட்டினாள். "நீங்களே கட்டிவிடுங்க. தெரிஞ்ச முகம் வேற யாரு இருக்காங்க எனக்கு" என்றாள். கட்டினேன். முடிச்சு நழுவி நழுவிப் போயிற்று. "வீட்டுக்கு எப்பப் போறோம்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. ஆடி போவட்டும்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள் குனிந்தபடியே.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொல்லி அழுதேன். உள்ளறையைக் கொடுத்துவிட்டு நாம் கூடத்தில் இருந்துகொள்ளலாமே என்றேன். அவர் இரக்கமில்லாதவர் அல்ல. "வீட்டுக்கார அம்மா ஒத்துக்க மாட்டாங்க. ஆவணி பொறக்கட்டும், பாப்போம்" என்றார். அந்தப் 'பாப்போம்' எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை அவரிடம்கூட நான் சொன்னதில்லை. முன்பக்கத்துக்குப் போய் வீட்டுக்கார அம்மாவைக் கேட்டிருக்கலாம். இடையில் ஒரு கதவுதான். நான் போகவில்லை.

ஆவணி பிறந்ததும் மரக்கடையைத் தேடிப் போனேன். கொட்டகையில் தட்டியைப் பிரித்துச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஆடி முடிய நாலு நாள் இருக்கும்போது அவள் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டாராம். தகனம் முடிந்த கையோடு அவள் தூரத்து உறவு ஒருத்தரோடு கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டாளாம். நான் கட்டிய கயிறு அரை மாதம்கூட அவள் கழுத்தில் இருக்கவில்லை.

வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்டார். பஞ்சாங்கத்தை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலால் தேடினார். பிறகு அதை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"அடைப்பு இல்ல" என்றார். "நல்ல நட்சத்திரம்."

அன்றைக்கு அவர் அடுப்பு மூட்டவில்லை. நான் கொண்டுபோன சாதத்தையும் வேண்டாம் என்றுவிட்டார்.

மூன்று வருஷம் அந்த வீட்டில் இருந்தோம். என் மூத்த பெண் அங்கேதான் தவழ்ந்தாள். பிறகு தொழிற்சாலைக்காரர்கள் கைலாசபுரத்தில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கினார்கள். உத்தரவு வந்தது மார்கழியில். ஆடியைப் போலவே மார்கழியிலும் யாரும் வீடு மாறமாட்டார்கள். ஆனால் உடனே சாவியை வாங்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்றதும், என் கணவர் மறுநாளே லாரிக்குச் சொல்லிவிட்டார். என் மாமியார்கூட ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கவர்ன்மெண்ட் வீட்டுக்கு மாதம் ஏது என்றார்.

புது வீட்டில் தண்ணீர்க் குழாய் இருந்தது, ஜன்னலுக்கெல்லாம் கண்ணாடி இருந்தது. மார்கழிக் குளிரில் பால் மெதுவாகத்தான் ஏறியது. பொங்கி ஸ்டவ்வில் வழிந்தது. கூடத்திலிருந்து என் கணவர், "பொங்கிச்சா?" என்று கேட்டார். அவர் வந்து பார்த்துவிட்டு, எதற்கு அழுகிறாய், நல்ல நாளும் அதுவுமாக என்றார்.

அது நல்ல நாளே அல்ல. மார்கழியில் குடி வந்தோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறோம். நமக்கு வேண்டுமென்றால் மாதமும் வளைந்து கொடுக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்தப் பெண் கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு எனக்கு அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தபோதே அது எனக்குத் தெரியும்.