பல்சக்கரத்தில் ஒரு பல்

வைக்கோல் கட்டும் இயந்திரம் பழையது. கயிறு கொண்டுவரும் ஊசி சற்று முந்தினாலும் வைக்கோலை இடிக்கும் தலையில் மோதி முறிந்துவிடும். சங்கிலியைச் சரியான பல்லில் மாட்டி அந்த நேரத்தைப் பொருத்துவது அவளுக்கு மட்டுமே கைவந்தது.

நகரத்துத் தையல் வேலைக்கு அக்கா கூப்பிட்டிருந்தாள்.

"நீ போயிட்டா இந்தக் கிழவியை யாருடி பார்ப்பா? அது மண்டையைப் போடட்டும், அப்புறம் போ," என்று கணவன் இயந்திரத்தைத் தட்டிச் சிரித்தான்.

அவள் வேண்டுமென்றே ஒரு பல் தள்ளி மாட்டினாள். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தாள். ஊசி இடிபடப் போனது. பாழாய்ப்போன கைக்குப் பொறுக்கவில்லை; சங்கிலியைக் கழற்றிச் சரியான பல்லிலேயே மாட்டியது.

"என்னடி, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க. ஓட்டுங்க."

கட்டுகள் இறுக்கமாக விழத் தொடங்கின.